விடுதியில் வைக்கும் பட்டப்பெயர் இனவெறியாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுகளாக உங்கள் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மணிப்பூர் மாணவர் ஒருவரை நீங்களும் நண்பர்களும் ‘சைனா’ என்றும் ‘மோமோ’ என்றும் கூப்பிட்டு வந்திருக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சென்ற மாதம் அவர் ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க, இப்போது உங்களில் ஐந்து பேரை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். ‘எங்கள் அறையில் ஒருவனைக் கருவாயன் என்கிறோம், இன்னொருவனைச் சோடாபுட்டி என்கிறோம், அவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை, எங்களுக்குக் கெட்ட எண்ணமும் கிடையாது, இதைப் போய் இனவெறி என்பது நியாயமா’ என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. விதிகள் இதை எப்படிப் பார்க்கும் என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது. மூன்றாண்டு சிரித்தவர் இப்போது ஏன் எழுதிக் கொடுத்தார் என்பது நீங்கள் கேட்காமல் கேட்டது. இரண்டாவதற்கே நான் அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

நான் சென்னைப் புறநகர்க் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாகச் சமூகவியல் கற்பிக்கிறேன். 2009 முதல் 2023 வரை ஆண்கள் விடுதிக் காப்பாளராக இருந்தேன். ராகிங் தடுப்புக் குழுவில் உட்கார்ந்து இத்தகைய புகார்களைக் கேட்டிருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. உங்கள் தரப்பை மட்டுமே படித்திருக்கிறேன் என்பதால், நடந்தது இன்னதுதான் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் நான் இல்லை.

விதியில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி இது. ராகிங் என்றால் சீனியர் ஜூனியரை வதைப்பது என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதையும், அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சொல் அப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு தன்னுடைய 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளை 2016-இல் திருத்தியபோது ராகிங்கின் வரையறையை விரிவாக்கியது. நிறம், இனம், மதம், சாதி, பாலினம், தோற்றம், நாடு, வட்டாரம், மொழி, பிறந்த இடம் முதலியவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும், ஏளனம் செய்து ஒதுக்கிவைப்பதும் ராகிங்கில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் முதலாண்டு மாணவராக இருக்க வேண்டியதில்லை என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே ‘நாங்கள் ஒரே பேட்ச், எப்படி ராகிங் ஆகும்’ என்ற வாதம் விசாரணையில் நிற்காது. விடுதியிலிருந்து நீக்குவது, தேர்வு எழுதவிடாமல் தடுப்பது, ஒன்று முதல் நான்கு பருவம் வரை கல்லூரியிலிருந்து விலக்கிவைப்பது, முற்றிலும் நீக்குவது வரை தண்டனைகள் உண்டு. ஆண்டுதோறும் நீங்களும் உங்கள் பெற்றோரும் நிரப்பிக் கொடுக்கும் உறுதிமொழியில் இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் சேர்ந்திருக்கிறீர்கள். அதை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எண்ணம் கெட்டதாக இல்லை என்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் பாகுபாட்டை அளக்கும்போது எண்ணம் மட்டுமே அளவுகோல் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1968-இல் ஏற்று உறுதி செய்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்விகம் ஆகியவற்றின் பேரில் ஒருவருடைய சம உரிமையை நோக்கத்தாலோ விளைவாலோ குலைக்கும் எதுவும் பாகுபாடு என்று அதன் முதல் விதியே வரையறுக்கிறது. விளைவாலோ என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் இத்தகைய புகார்கள் எதையும் விசாரிக்கவே முடியாது. ஏனென்றால் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற மாணவர்களில் ‘ஆமாம் சார், வெறுப்பினால்தான் கூப்பிட்டேன்’ என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

குற்றவியல் சட்டம் இதற்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதில் இத்தகைய உறுதி கிடையாது. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியா என்ற இளம் மாணவர் தில்லி லாஜ்பத் நகரில் ஒரு கடையில் முகவரி கேட்கப் போய், அவர் தலைமுடியை அங்கிருந்தவர்கள் கேலி செய்ய, வாய்த்தகராறு முற்றி அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. இனத்தின் பேரில் இழிவுபடுத்துவதைத் தண்டிக்கத் தனிப் பிரிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேரவே இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்தால் தனித் தண்டனை உண்டு. கொலை வரை போனதற்குச் சட்டம் வந்துவிட்டது, தலைமுடியைக் கேலி செய்ததற்கு வரவில்லை என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். பழங்குடியினர் பட்டியலில் உள்ள மாணவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பது அவர் எந்தச் சமூகம், எந்த இடத்தில் என்ன சொல்லப்பட்டது என்பதையெல்லாம் பொறுத்தது. அதை ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு இப்போது நடப்பது கல்லூரி விசாரணை என்பதால் பதற்றத்தில் அவ்வளவு தூரம் ஓட வேண்டாம்.

இனி கருவாயனுக்கு வருவோம். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிறோம், அவருக்கும் வைத்தோம், அதனால் சமமாகத்தானே நடத்தினோம் என்பது உங்கள் வாதத்தின் உயிர்நாடி. சோடாபுட்டி என்று கூப்பிடப்படுகிறவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால் அந்தப் பெயர் விடுதியிலேயே தங்கிவிடும். அவருடைய ஊர், தாய்மொழி, குடியுரிமை எதையும் அது தொடுவதில்லை. ‘சைனா’ என்று கூப்பிடப்படுகிறவர் வெளியே போனால் ஆட்டோ ஓட்டுநர் அதையே சொல்வார், செல்போன் கடைக்காரர் அதையே சொல்வார், வீட்டு உரிமையாளர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், 2020 மார்ச்சில் அது ‘கொரோனா’ என்று மாறும். அந்த மாதம் மத்திய உள்துறை அமைச்சகமே இதற்காக மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. ஊரெல்லாம் சொல்கிற அதே சொல் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்தும் வருகிறது. நீ இந்த நாட்டுக்காரன்தானா என்ற கேள்வியைப் பெயராகவே மாற்றி ஒருவருக்குச் சூட்டுவதும், கண்ணாடியைப் பார்த்துப் பெயர் வைப்பதும் ஒரே வகையில் சேராது. தில்லியிலோ புனேயிலோ படித்த நம் பிள்ளைகளிடம் ‘மதராசி’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இந்த வேறுபாட்டை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கருவாயன் என்ற பெயரையும் நான் அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நம் வீடுகளில் வைத்திருக்கும் விலை வித்தியாசம் பெண் பார்க்கும் நாளில் தெரியும். அந்தப் பெயரைச் சுமக்கிற உங்கள் நண்பரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

அவர் ஏன் சிரித்தார் என்பதற்கு 2012 ஆகஸ்டில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாதம் 8-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் மணிப்பூர்க் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் வெண்கலம் வென்றபோது எங்கள் விடுதித் தொலைக்காட்சி அறையில் இருந்த பையன்கள், மணிப்பூர் மாணவர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினார்கள். அடுத்த வாரம், அஸ்ஸாமின் கோக்ராஜார் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பழிவாங்கத் தென்னிந்திய நகரங்களில் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி குறுஞ்செய்தியாகப் பரவியது. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினார்கள், சென்னையிலிருந்தும் போனார்கள், கூட்டாக அனுப்பும் குறுஞ்செய்தியை ஒரு முறைக்கு ஐந்து பேருக்கு மட்டும் என்று அரசு கட்டுப்படுத்தியது. எங்கள் விடுதியின் வடகிழக்கு மாணவர்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர் இரவோடு இரவாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய்விட்டார்கள். இது உண்மையா என்று என்னிடமோ, தோளில் தூக்கிய பையன்களிடமோ ஒருவரும் கேட்கவில்லை. விடிந்து அறைகளைப் பார்த்தபோது கொடியில் ஈரத் துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பிறகு ஒருவரிடம் ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். ‘யாரிடம் சார் கேட்பது? விளையாட்டுக்குச் சொல்கிறார்களா, நிஜமாகச் சொல்கிறார்களா என்று எங்களுக்கு எப்போதுமே தெரியாது’ என்றார். முந்நூறு பேர் இருக்கும் கட்டடத்தில் ஒருவராக இருக்கும்போது சிரிப்பதுதான் செலவு குறைந்த பதில். கோபித்துக்கொண்டால் சாப்பாட்டு மேசையில் உட்கார ஆள் இருக்காது. ஆகவே அவர் சிரித்ததை உங்களுக்கு அவர் கொடுத்த அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காப்பாளரான மூன்றாம் ஆண்டில் விடுதியின் மேல்தளத்தில் ஏதோ செத்து நாறுகிறது என்று புகார் வந்தது. தேடிப் பார்த்தால், இம்பாலிலிருந்து விடுமுறை முடிந்து வந்த மாணவர் செய்தித்தாளிலும் பாலித்தீனிலும் நான்கு சுற்றுச் சுற்றிக் கொண்டு வந்திருந்த ஒரு பொட்டலம். அதற்கு ஙாரி என்று பெயர் என்றார். தமிழில் சொல்லுக்கு முதலில் அரிதாகவே வரும் ங, அவர்கள் மொழியில் இயல்பாக முதலில் வருகிறது. அந்த எழுத்து நம்மிடம் இருப்பதால் அந்தப் பெயரைப் பிசகில்லாமல் எழுத முடிகிறது. சிறு ஆற்றுமீனை வெயிலில் காயவைத்து, மண்பானையில் அழுத்தி அடைத்து, மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது. மணிப்பூர்ச் சமையலில் பல பதார்த்தங்களுக்கு அதுதான் அடிப்படை. நான் துப்புரவுப் பணியாளரை அழைத்து அதைக் குப்பையில் போடச் சொன்னேன். அந்த மாணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை. அதே வாரம் என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை என் மனைவி பிரித்தபோது, எதிர்வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையால் இரண்டு வீடுகளை இழந்த குடும்பம் எங்களுடையது. மறுநாள் அந்த மாணவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை சார், தில்லியில் அண்ணனுக்கும் இப்படித்தான்’ என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. 2007-இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென்று வெளியிட்ட கையேட்டில், மூங்கில் குருத்து, அக்குனி என்ற புளித்த சோயா போன்ற வாடையுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தில் பிரச்சினை வராமல் சமைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பாதுகாப்பு ஆலோசனை என்ற பெயரில் அதை அச்சிட்டிருந்தார்கள். பிறகு நாங்கள் விடுதியின் பின்புறம் ஒரு சிறு அறையில் அடுப்பும் புகைபோக்கும் வைத்து, யார் வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அதை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் இரவு கருவாடு சுட்டுத் தின்ற நம் பையன்கள்.

இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தான் ஒரு வளாகத்தில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பதைத் தீர்மானிக்கின்றன. மிசோ மக்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆணின் பெயர் பொதுவாக ‘ஆ’வில் முடியும், பெண்ணின் பெயர் ‘இ’யில் முடியும். எங்கள் அலுவலகக் கணினி இனிஷியல் இல்லாத விண்ணப்பத்தை ஏற்காததால், ஊழியர் தாமாகவே ஓர் எழுத்தைப் போட்டுவிட, அந்த எழுத்து மதிப்பெண் பட்டியலிலும் ஏறி, பிறகு கடவுச்சீட்டு எடுக்கப் போன மாணவர் ஓராண்டு அலைந்தார். வகுப்பில் பெயர் வாயில் நுழையவில்லை என்று ‘நம்பர் 47’ என்று கூப்பிடும் ஆசிரியர்கள் உண்டு, அவர்களும் கெட்டவர்கள் இல்லை. எங்கள் பண்பாட்டு விழாவில் ஆண்டுதோறும் வடகிழக்கு மாணவர்களைப் பாரம்பரிய உடையில் ஆடச் சொல்வோம், நல்ல கைதட்டல் கிடைக்கும். ஒரு நாகா மாணவர் ஒருமுறை என்னிடம், ‘நான் துறைச் சங்கச் செயலாளர் தேர்தலில் நின்றால் இந்தக் கைதட்டலில் பாதியாவது வாக்காக வருமா சார்’ என்று கேட்டார். அவர் நிற்கவில்லை.

வடகிழக்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதன் ஆபத்து 2023 மே மாதம் எனக்குத் தெரிந்தது. 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்தி, குக்கி சமூகங்களுக்கிடையே வன்முறை வெடித்து, இணையமும் நிறுத்தப்பட்டபோது, எங்கள் விடுதியில் இரு தரப்பு மாணவர்களும் இருந்தார்கள். ஒரே மாநிலத்துக்காரர்கள், ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருப்பார்கள் என்று நம்பி அவர்களைப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்திருந்தது நாங்கள்தான். ஒருவருடைய வீடு எரிந்த செய்தி வந்த இரவு, அடுத்த அறைக்காரரைப் பார்க்க முடியாமல் அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர்களைத் தனித்தனியாகக் கேட்டு, கேட்ட இடத்துக்கு மாற்றிக் கொடுத்து, உணவுக் கட்டணத்துக்கு அவகாசம் வாங்கித் தந்ததைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கிடையே, மணிப்பூரின் எல்லை நகரான மோரேவில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் வாழ்கிறார்கள், அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது என்று அந்தப் பையன்களில் ஒருவர் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த நம் மாணவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தமிழைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவுகூட அவர்களைப் பற்றி நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் மாற்ற முடியுமா என்றால், ஓரளவு முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. வெறுமனே ஒரே இடத்தில் இருப்பது போதாது, சம நிலையும் பொது இலக்கும் கூட்டு வேலையும் மேலிடத்தின் ஆதரவும் சேர்ந்தால்தான் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த கருத்து, பிறகு பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக விடுதிகளில், குலுக்கல் போல அமைந்த அறை ஒதுக்கீட்டில் வேறு இனத்தவரோடு தங்கிய மாணவர்களை ஆராய்ந்தபோது, வெள்ளை மாணவர்களிடம் கறுப்பின மாணவர்கள் பற்றிய தாழ்வான முன்முடிவு குறைந்திருந்தது. அதே நேரத்தில் ஒரு நாள் கருத்தரங்கு, உறுதிமொழி வாசிப்பு, பன்மைத்துவப் பயிற்சி வகுப்பு இவற்றால் நீடித்த மாற்றம் வருகிறது என்பதற்குச் சான்று மிகவும் மெலிந்தது. என் அனுபவமும் அதையே சொல்கிறது, ஆனால் ஒரு விடுதியின் அனுபவத்தை வைத்து அதை விதியாக்க மாட்டேன். சகிப்புத்தன்மை என்று மேடையில் பேசுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் வலியைத்தான் சகித்துக்கொள்வோம். உங்கள் கதையில் மூன்றாண்டு சகித்தவர் அவர்தான்.

விசாரணைக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி அவரிடம் நீங்களோ பொது நண்பர்களோ போக வேண்டாம். அதை மிரட்டலாகத்தான் குழு பார்க்கும், அவருக்கும் அது மிரட்டலாகவே இருக்கும். குழுவுக்குக் கொடுக்கும் விளக்கக் கடிதத்தில், அப்படிக் கூப்பிட்டது உண்மை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அவரும் சிரித்தார், எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு என்ற வரிகள் வேண்டாம். ஐந்து பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடாமல், தனித்தனியாக, தாம் சொன்னதை மட்டும் எழுதுவது நல்லது. மன்னிப்புக் கேட்க விரும்பினால் குழுவின் வழியாகச் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம், அது அவருடைய உரிமை. கடிதத்தில் அவரைக் குறிப்பிட வேண்டிய இடங்களில் ‘மணிப்பூர் மாணவர்’ என்று எழுதாதீர்கள். நீங்கள் எனக்கு எழுதிய நீண்ட கேள்வியில் அவரைச் சைனா என்றும் மோமோ என்றும் அந்தப் பையன் என்றும்தான் குறித்திருக்கிறீர்கள். பொது இடத்தில் அவர் பெயரை மறைத்தது சரி, ஆனால் கடிதத்தில் முழுப் பெயரும் வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் விடுதிப் பதிவேட்டில் அவர் கைப்பட எழுதியிருப்பார், அதைப் பார்த்து எழுதுங்கள்.